சிவலிங்கம் ஒன்று

மகேஸ்வரி அப்பாவின் தாடையைத் தூக்கிப் பிடித்து வெள்ளைத் துணியால் தலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சு நழுவிக்கொண்டே இருந்தது. ஒருவர் பிடிக்க ஒருவர் கட்ட வேண்டிய காரியம் அது. கை கொடுக்க வேண்டிய தம்பி ஜெயபிரகாஷ் அதே அறையில் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பூஜை அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தான்.

“பிரகாசு, இங்க வந்து கொஞ்சம் பிடி.”

“ஒன் மினிட் அக்கா.”

முருகன் படத்தை எடுத்துத் தரையில் வைத்தான். அதன் பின்னால் கைவிட்டுத் துழாவினான். விபூதிச் சம்புடம் உருண்டு விழுந்து கொட்டியது. குனிந்து அள்ளக்கூட இல்லை, காலால் ஓரமாகத் தள்ளினான்.

“அப்பா அந்த பாட்டில இங்கதான வச்சிருந்தாரு. நீ பாத்தியா?”

மகேஸ்வரி பல்லால் துணியின் ஒரு நுனியைக் கடித்துப் பிடித்துக்கொண்டு தானே முடிச்சைப் போட்டு முடித்தாள். அப்பாவின் கழுத்தில் இன்னும் சூடு மிச்சமிருந்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள் இவனுக்கு பாட்டில் கேட்கிறது. அழவில்லை என்றால்கூடப் போகட்டும், சிலருக்கு அழுகை மெதுவாக வரும். ஆனால் இப்படியா?

பாட்டில் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த அவளுடைய துணிப்பையில், மாற்றுப் புடவைக்கு நடுவே இருந்தது. அப்பாவே கொடுத்து வைக்கச் சொன்னது. அப்பாவுக்கு முடியவில்லை என்று, கொல்கத்தாவிலேயே பாலிகஞ்சில் இருக்கும் தன் வீட்டிலிருந்து இந்த டாலிகஞ்ச் வீட்டுக்கு அவள் வந்து தங்கிய அன்றைக்கே, “ஒங்கிட்ட இருக்கட்டும். அவன் கைக்குப் போயிரக் கூடாது” என்று சொல்லிக் கொடுத்தார். அதன் பிறகு அதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

உள்ளங்கைக்குள் அடங்கும் தடிமனான கண்ணாடி பாட்டில். உள்ளே இருப்பது க்ரூட், சுத்திகரிக்காத கச்சா எண்ணெய். அப்பா சிவலிங்கம், அரசாங்க எண்ணெய்க் கம்பெனியில் ஜியாலஜிஸ்டாக இருந்த காலத்தில், வடக்கே எல்லைப் பக்கம் நெல்லும் சணலும் விளையும் ஒரு ஊரில் அவர் குறித்துக் கொடுத்த இடத்தில் துளை போட்டார்கள். வந்தது. துளை போடும் ரிக்கில் இருந்த அத்தனை பேரும் அந்தக் கறுப்பை அள்ளி ஒருவர் நெற்றியில் ஒருவர் பூசிக்கொண்டார்கள். நெற்றி நிறையக் கறுப்போடு அப்பா பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் படம் இன்றைக்கும் ஹாலில் தொங்குகிறது. ஆனால் எண்ணெய் கொஞ்ச நாள்தான் வந்தது. இது சின்ன வயல், இதற்குக் குழாய் போட்டுக் கட்டுபடியாகாது என்று மேலிடத்தில் முடிவு செய்து, கிணற்றுக்குள் சிமெண்டை ஊற்றி மூடிவிட்டார்கள். சிவலிங்கம் ஒரு பாட்டிலை மட்டும் நிரப்பிக்கொண்டு வந்து சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் வைத்தார். வேறு ஒன்றையும் அவர் கம்பெனியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை, ஒரு பேனாகூட.

ரிட்டயர் ஆகி வெகு காலம் கழித்து, இப்படிக் கைவிட்ட சின்ன வயல்களை அரசாங்கம் தனியாருக்கு ஏலம் விட்டது. அவருடைய வயலும் அதில் வந்தது. எடுத்தவன் ஹைதராபாத் சாய்ராம். அந்தக் கம்பெனியில் பிரகாஷுக்கும் பங்கு உண்டு, அப்பாவுக்கு ஆலோசகர் என்று ஒரு பெயர் உண்டு. அப்பா எப்படிச் சந்தோஷப்பட்டார்! தொப்பி வாங்கினார், பூட்ஸ் வாங்கினார், அம்மா சொல்லச் சொல்லக் கேட்காமல் வெயிலில் போய் நின்றார். பழைய கிணற்றுப் பக்கம் தொடாதீர்கள், அங்கே தண்ணீர் ஏறிவிட்டது, கிழக்கே தள்ளிப் போங்கள், அங்கேதான் எண்ணெய் ஊறிய மணல் கனமாக இருக்கிறது என்று தலைபாடாக அடித்துக்கொண்டார். கிழக்கே போனால் புதிதாக ரோடு போட வேண்டும். பழைய கிணற்றடிக்கு ரோடு ஏற்கெனவே இருந்தது. ரோடு இருந்த இடத்திலேயே துளை போட்டார்கள்.

உப்புத் தண்ணீர் வந்தது. அப்பா அதை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார், அது அவர் தொழில் வழக்கம். வந்த தண்ணீரைப் பிடித்துவைக்கத் தொட்டி கட்டவில்லை. வாய்க்காலில் விட்டார்கள். நெல் வெளுத்தது, குளத்து மீன் செத்து மிதந்தது. அந்த மீனை ஒரு கூடையில் அள்ளிக் கொண்டுவந்து ஊர்க்காரர்கள் அப்பாவின் காலடியில் கொட்டிவிட்டுப் போனார்கள். அவர்களிடம் நிலத்துக்குப் பேசி வைத்தது அவர்தானே. வீட்டுக்கு வந்து குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டே இருந்தார். அப்புறம் படுத்தவர்தான்.

படுத்திருந்தவரிடம் வந்து, பாட்டிலில் இருப்பதைப் புதுக் கிணற்றில் வந்தது என்று காட்டத் தரும்படி பிரகாஷ் கூசாமல் கேட்டான். “அதே ஃபீல்டு, அதே சாண்டுப்பா. லாப்ல கரெக்டா மேட்ச் ஆகும். இதுல பொய்யே இல்ல, தேதி மட்டும்தான் மாறுது. பணம் போடற கெஸ்ட்ஸ் வந்து பாத்துட்டு போயிட்டா, அப்புறம் நீங்க சொன்ன எடத்துலயே போடலாம்.” அப்பா எழுந்து உட்கார்ந்து, அவன் நின்ற இடத்துக்குப் பக்கத்தில், தன் வீட்டுத் தரையில், காறித் துப்பினார். அவர் அப்படிச் செய்து மகேஸ்வரி பார்த்ததே இல்லை. அவள்தான் அதைத் துடைத்தாள்.

இப்போது அவர் எழுந்து துப்ப மாட்டார். அதனால்தான் இத்தனை தைரியமாகக் குடைகிறான்.

“அம்மா, அப்பாவோட அந்த க்ரூட் பாட்டில் எங்கம்மா?”

சுவரோரம் உட்கார்ந்திருந்த கிருஷ்ணம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு முதலில் கேள்வி புரியவில்லை. புரிந்ததும், “அங்கனதான இருந்திச்சு. மகேசு, நீ எடுத்து வச்சியா? வச்சிருந்தா குடுத்துரு. இனிம அது யாருக்கு?” என்றாள்.

“எனக்குத் தெரியாதும்மா” என்றாள் மகேஸ்வரி.

பிரகாஷ் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தன் தோள்பையிலிருந்து ரூம் ஸ்ப்ரேயை எடுத்து அறை முழுக்க அடித்தான். அப்பாவின் முகத்துக்கு மேலும் அந்தத் தூறல் விழுந்தது. எலுமிச்சை வாசனையாம். அவள் முந்தானையால் அப்பாவின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

சாய்ராம் வந்தபோது மாடிவீட்டு வங்காளி அண்ணி ஸ்னேகா பௌதி டீ போட்டுக் கொண்டுவந்திருந்தாள். அவன் கொண்டுவந்த ரஜனிகந்தா மலர் வளையத்தில் கம்பெனியின் பெயர் பொறித்த நீல ரிப்பன் குறுக்கே ஓடியது. அதை அப்பாவின் மார்பில் வைத்து, பெயர் மேலே தெரியும்படி திருப்பி வைத்தான். கூட வந்த டிரைவர் போட்டோ எடுத்தான். சாய்ராம் கை கூப்பினான், இன்னொரு போட்டோ.

“மேடம், சார் எனக்கு ஃபாதர் மாதிரி” என்றான். “கிணத்துக்கு சார் பேரே வைக்கிறோம். சிவலிங்கம் ஒன். போர்டுகூட ஆர்டர் பண்ணியாச்சு, இன் மெமரி ஆஃப்னு போட்டு.”

“எப்ப ஆர்டர் பண்ணீங்க?” என்று கேட்டாள் மகேஸ்வரி.

“போன வாரமே பண்ணியாச்சு மேடம்.”

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. டீயை எடுத்து வாயில் வைத்துக்கொண்டான். போன வாரம் அப்பா ஆப்பிளைத் துருவிக் கொடுத்தால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மகேஸ்வரிக்கு அந்த டீயைப் பிடுங்கிச் சாக்கடையில் ஊற்ற வேண்டும்போல் இருந்தது. உப்புத் தண்ணீர் வந்த கிணறு, ஊராருடைய மீனைக் கொன்ற கிணறு, அதற்கு அப்பாவின் பெயர். அதிலிருந்து எடுத்தது என்று சொல்லி இவர் பாட்டிலையே நீட்டப்போகிறார்கள். இவர் எழுந்து வந்து இல்லை என்றா சொல்லப்போகிறார்?

சாய்ராமும் பிரகாஷும் வாசற்பக்கம் போய்க் குசுகுசுத்தார்கள். “இன்னிக்கு கிடைச்சாதான் சாம்பிள் போகும்” என்பது மட்டும் அவள் காதில் விழுந்தது. திரும்பி வந்த பிரகாஷ் நேராகக் கட்டிலடியில் இருந்த பெட்டியை இழுத்துத் திறந்தான். அப்பாவின் வேட்டிகளை ஒவ்வொன்றாக உதறினான். அடுத்தது கதவுப் பக்கம்தான்.

அவள் எழுந்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

“எங்க போற?”

“புடவை மாத்தணும். அதையும் உதறிப் பாக்கறியா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

பாத்ரூம் கதவைத் தாழிட்டுக்கொண்டு பாட்டிலைத் திறந்து கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை. ஜனவரிக் குளிரில் அது உறைந்த நெய் மாதிரி அடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த க்ரூட் மெழுகு ஜாதி, குளிர் வந்தால் தூங்கிவிடும் என்று அப்பா சொல்வார். குளிர்கால ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டிலை ஜன்னல் வெயிலில் வைத்து, இளகியதும் சாய்த்து சாய்த்துப் பார்ப்பார். அவள் ஒரு குச்சியால் குடைந்து பார்த்தாள். வாசனை எழுந்தது, மண்ணெண்ணெயும் மழை நனைத்த மண்ணும் கலந்தது. அவள் கை நின்றது. இந்தச் சாக்கடைத் துவாரத்திலா, டாலிகஞ்ச் கக்கூஸ் தண்ணீரோடா? அவர் வாழ்நாளில் கண்டுபிடித்தது இது ஒன்றுதான். பிரகாஷ் செய்வதற்கும் தான் செய்வதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றியது. தன் மேலேயே அருவருப்பு வந்தது அவளுக்கு.

மூடியை இறுக்கித் திருகினாள்.

சமையலறையில் அப்பாவைக் குளிப்பாட்டப் பெரிய குண்டானில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பைத் தணித்து, பச்சைத் தண்ணீர் விட்டு விளாவி, பாட்டிலை அதற்குள் இறக்கினாள். மேலே தட்டைப் போட்டு மூடிவிட்டு அங்கேயே நின்றாள். பிரகாஷ் இரண்டு முறை எட்டிப் பார்த்தான். சர்க்கரை டப்பா, ரவை டப்பா, அரிசித் தூக்கு எல்லாவற்றையும் திறந்து பார்த்தான். குண்டானை அவன் பார்க்கவில்லை. செத்தவருடைய தண்ணீர் என்று ஒதுங்கிப் போயிருக்கலாம்.

சாந்த்ராகாச்சியிலிருந்து ஜம்புநாதன் மாமா வந்து சேர்ந்தார். ரயில்வேயில் இருந்தவர். கொல்கத்தாவில் இருக்கும் திருநெல்வேலிக் குடும்பங்களில் யார் வீட்டில் சாவு என்றாலும் முறை சொல்வது அவர்தான். வந்ததும் சட்டையைக் கழற்றி இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டார். கீழே கார் நிறுத்தும் இடத்தில் பெஞ்சு போடச் சொன்னார். அப்பாவைத் தூக்கிக் கொண்டுபோய்க் கிடத்தினார்கள். மற்ற வீட்டுக்காரர்கள் பால்கனிகளில் நின்று பார்த்தார்கள். அம்மாவை இரண்டு பேர் பிடித்து இறக்கி ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சாய்ராமும் வந்து கார் ஓரமாக நின்றான், பாட்டில் கிடைக்காமல் அவனால் போக முடியாது.

“ஏட்டி மகேசு, எண்ணெய் எங்க? எல்லாரும் தலையில எண்ணெய் வச்சு, அப்புறம் சீயக்கா வச்சு, அப்புறந்தான் தண்ணி ஊத்தணும்” என்றார் மாமா.

வீட்டில் நல்லெண்ணெய் தீர்ந்துபோயிருந்தது. ஸ்னேகா பௌதி தன் வீட்டிலிருந்து கடுகெண்ணெய் கொண்டுவரவா என்று கேட்டாள். மாமா முகத்தைச் சுளித்தார். “கடுகெண்ணெய வச்சு எந்த ஊர்ல அனுப்பியிருக்கு?”

“இருங்க மாமா, கொண்டு வாரேன்” என்று மகேஸ்வரி படியேறினாள்.

தட்டை விலக்கி, இடுக்கியால் பாட்டிலைத் தூக்கினாள். துணியால் பிடித்துச் சாய்த்துப் பார்த்தாள். உள்ளே அது முழித்துக்கொண்டிருந்தது, கண்ணாடியில் பழுப்பு ஏடு படிய இப்படியும் அப்படியும் ஓடியது. பூஜைக்கு வைத்திருந்த பித்தளைக் கிண்ணத்தில் முழுவதையும் ஊற்றினாள். கடைசிச் சொட்டுவரை தட்டி வழித்தாள். முந்தானையால் கிண்ணத்தை மூடிக்கொண்டு கீழே வந்தாள்.

“பிரகாசு, வா. மகன் கைதான் முதல்ல” என்றார் மாமா. “உள்ளங்கை நிறைய எடுத்து உச்சியில வை.”

பிரகாஷ் போனைப் பார்த்துக்கொண்டே வந்தான். இடது கையில் போன், வலது கையை நீட்டினான். மகேஸ்வரி கிண்ணத்தைக் காட்டினாள். அவன் பார்க்காமலே கையை உள்ளே விட்டான். வாசனை அப்போதுதான் அவன் மூக்கில் ஏறியது. கையைப் பார்த்தான். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு நோக்கிக் கறுப்பு இறங்கியது.

“அக்கா” என்றான்.

“வைடா.”

“என்னட்டி இது, கறுப்பா இருக்கு? மண்ணெண்ணெய் வாடை வருது?” மாமா குனிந்து மோந்து பார்த்தார்.

“அப்பாவோடது மாமா. அவரு தோண்டி எடுத்தது.”

மாமா பாட்டிலைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். ஹாலில் தொங்கும் போட்டோவையும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். கிண்ணத்தைப் பார்த்தார், அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிரகாஷின் முகத்தையும் பார்த்தார். அதிலிருந்து அவருக்கு என்ன தெரிந்ததோ.

“அவன் தோண்டின எண்ணெய் அவனுக்கு. இதுல என்ன தப்பு?” என்றார். “வை, மக்கா. கையில வச்சுக்கிட்டு நிக்காத.”

காரோரம் நின்ற சாய்ராம் விறுவிறு என்று வந்தான். கையில் காலி மினரல் வாட்டர் பாட்டில் இருந்தது. மகேஸ்வரியின் காதோரம் குனிந்து, மரியாதையான குரலில் சொன்னான்: “மேடம், சென்டிமெண்ட் புரியுது. அடியில கொஞ்சம் மட்டும் மிச்சம் வைங்க. லாபுக்கு ரொம்ப வேண்டாம், இதுல ஒரு இன்ச் இருந்தா போதும்.”

அவன் வாயிலிருந்து பௌதி போட்டுக்கொடுத்த ஏலக்காய் டீயின் வாசனை வந்தது. அவள் ஒரு அடி தள்ளி நின்றாள். எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்: “வரிசையில வாங்க சார். அப்பா மாதிரின்னு சொன்னீங்கல்ல. நீங்களும் வைக்கலாம்.”

பால்கனிகளில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சாய்ராம் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்தான், திருகி மூடினான். பிறகு காருக்குள் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டான்.

பிரகாஷ் இன்னும் கையை நீட்டியபடியே நின்றான். முழங்கை வரைக்கும் வழிந்துவிட்டது. சட்டைக் கையில் பட்டது. அவன் அக்காவை முறைத்த முறைப்பில் அவளை அங்கேயே எரித்துவிடுவான்போல் இருந்தது. முறைக்கட்டும். மாமா அவன் மணிக்கட்டைப் பிடித்து அப்பாவின் உச்சந்தலையில் கொண்டுபோய் வைத்தார். “நல்லா தேய். அப்பனுக்குத் தேய்க்கிற கடைசி எண்ணெய்” என்றார். அவன் தேய்த்தான். வெள்ளை முடி கறுத்தது. நெற்றிக்கு வழிந்ததை அவனே புறங்கையால் ஒதுக்கப் போனான், அது நெற்றி முழுக்கப் பரவியது.

அம்மா வந்து வைத்தாள். மகேஸ்வரி வைத்தாள். மாமா வைத்தார். ஸ்னேகா பௌதி, மேஷோமஷாய் மேஷோமஷாய் என்று, சித்தப்பாவைக் கூப்பிடுகிற மாதிரி அழுதுகொண்டே ஒரு விரலால் தொட்டு வைத்தாள். கிண்ணத்தில் ஒட்டியிருந்ததை மாமா சீயக்காய்த் தூளைப் போட்டு வழித்து அதையும் தலையில் வைத்துத் தேய்த்தார். சீயக்காய்க்கு அது எங்கே போகும்? வெந்நீர் ஊற்ற ஊற்றப் பழுப்பாக ஓடியது. நெற்றியில் மட்டும் கறை நின்றது. அதன் மேலேயே விபூதி பூசினார்கள். சாய்ராமின் வளையத்தை யாரும் எடுத்து வைக்கவில்லை. வண்டி கேவ்ராதலா மயானத்துக்குக் கிளம்பியபோது அது பெஞ்சுக்கு அடியில் ஈரத்தில் கிடந்தது, சாய்ராமின் கார் அதற்கு முன்பே போயிருந்தது.

மயானத்திலிருந்து அவர்கள் திரும்பியபோது மத்தியானம் தாண்டியிருந்தது. வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். பிரகாஷ் மொட்டைத் தலையோடு நேரே குழாயடிக்குப் போனான். சோப்புப் போட்டான். துணி சோப்புப் போட்டான். மகேஸ்வரியிடம் கேட்காமல் ஸ்னேகா பௌதியிடம் போய்ப் பாத்திரம் தேய்க்கும் நார் வாங்கி வந்து தேய்த்தான். தோல் சிவந்ததே தவிர நகக்கண்ணில் ஏறியது இறங்கவில்லை. “தூர்” என்று வங்காளத்தில் சலித்துக்கொண்டு நாரைத் தூக்கிப் போட்டான்.

பௌதி சோறும் பருப்பும் உருளைக்கிழங்கும் கொடுத்தனுப்பியிருந்தாள். மகேஸ்வரி தட்டு வைத்துப் பரிமாறினாள். பிரகாஷ் உட்கார்ந்தான். பருப்பைப் பிசையக் கையை வைத்தவன், மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டான்.

“அக்கா, ஸ்பூன் இருக்கா?” என்றான். காலையிலிருந்து அவன் அவளிடம் கேட்ட கேள்விகளில் பாட்டிலைப் பற்றி இல்லாதது இதுதான்.

அவள் ஸ்பூன் எடுக்க உள்ளே போனாள். திரும்பி வரும்போது அம்மா சுவரோரத்திலிருந்து நகர்ந்து அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள். அவன் வலது கையை இழுத்துத் தன் முகத்தோடு வைத்துக்கொண்டிருந்தாள்.

“ரிக்குலேருந்து வந்தா ஒங்கப்பா இப்பிடித்தான் இருப்பாக” என்றாள். “குளிச்சிட்டு வாங்க, குமட்டுதுன்னு வெரட்டுவேன். எத்தன தடவ வெரட்டியிருக்கேன்.”

அவன் கையை மெதுவாக இழுத்துப் பார்த்தான். அவள் விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அந்த விரல்களை மூக்கோடு வைத்து அழுத்தி, மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

மகேஸ்வரி ஸ்பூனைத் தட்டில் வைத்தாள். எடுக்க அவனுக்கு இடது கை ஒன்றுதான் மிச்சமிருந்தது. அவன் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு, சோறு ஆறுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.